மேல்பட்டையில் மழை

மார்ச் 3

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்று மதியம் அவன் இங்கே வந்து நின்றான்.

வேலை பார்க்கும் பல் கூடத்தின் மாடியில் மெழுகில் ஒரு கீழ்வரிசைப் பல் செட் செய்துகொண்டிருந்தேன். கத்தியைச் சூடுகாட்ட விளக்குப் பக்கம் குனிந்தபோது ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு ஆள், கையில் மடக்கிய குடை. மண்டையைப் பிளக்கிற வெயிலில் குடையை விரிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறதே ஒரு ஜென்மம் என்று எனக்குள் சிரித்தேன். அந்த ஜென்மம் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தது. உன் சிநேகிதன். என்னைக் கட்டியவன், கோர்ட் படியேறி நான் கழற்றிவிட்டவன்.

கத்தி கையிலிருந்து விழுந்ததும் தெரியவில்லை, மெழுகு உருகி வழிந்ததும் தெரியவில்லை. முதலாளியம்மா வந்து தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன். பேயைப் பார்த்தாயா என்றார். ஆமாம் என்றேன்.

அவன் மேலே ஏறி வரவில்லை. அதுதான் அவன் வழக்கம். கை நீட்டமாட்டான், குரல் உயர்த்தமாட்டான், புகார் எழுதும்படி ஒரு காரியமும் செய்யமாட்டான். நிற்பான், அவ்வளவுதான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்துக்கொண்டு அப்போதும் நின்றான். நான் பின்பக்கப் படி வழியாக இறங்கி முதலாளியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். என் அறைக்குப் போகப் பயமாக இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். நான் இந்த ஊரில் இருப்பது உனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அவனுக்குப் பயந்துதான் பழைய போன் நம்பரை விட்டேன், மெயிலை விட்டேன், அண்ணி வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரி முகவரிக்குப் பேனாவால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு அவன் வெளியூர் போனதும், பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்ததும் உனக்கு மறந்திருக்காது. எங்கே போனாலும் வருவேன் என்று கோர்ட் வாசலில் சொன்னதும் மறந்திருக்காது.

யார் சொன்னது?

சின்னு


மார்ச் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அச்சகத்தில் என் நாற்காலியிலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பக்கம் வடிவமைக்கக் கொடுத்திருந்த பாடப்புத்தகம் அப்படியே கிடந்தது.

நான் சொல்லவில்லை. அவனோடு பேச்சு அறுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருவில் எதிரே வந்தால்கூட அந்தப் பக்கம் போய்விடுவேன். அவனை நம் வீட்டுக்கு முதலில் கூட்டி வந்தது நான்தான், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை எனக்குச் சொல்லிக்கொடுத்த தோழன் என்று அம்மாவிடம் தம்பட்டம் அடித்ததும் நான்தான். அதற்காக நீ என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ இருக்கும் இடத்தைப் போட்டுக்கொடுப்பேன் என்று எப்படி நினைத்தாய்?

அப்படியென்றால் மிச்சம் உன் அண்ணி. ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள், நாள் முழுக்க நூறு பேரிடம் பேசுகிறவள். உன் கடித உறையை மேசைமேல் வைத்திருப்பாள், யாராவது தபால் முத்திரையைப் பார்த்திருப்பார்கள். இதைச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் எனக்கும் அவளுக்கும் இடையே பேசுவது மிக்ஸி மட்டும்தான்.

மனசு சரியில்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைத் திறந்து, இருப்பதில் இன்னும் எதைக் கழிக்கலாம் என்று பார்ப்பேன். இப்போது என் திரையில் ஐகான் இல்லை, மெனு இல்லை, படம்கூட இல்லை. வெறும் கறுப்பு. உச்சியில் மெல்லிய பட்டை ஒன்று. அதில் மணி, பேட்டரி, உன் ஊர் வானிலை. இந்த மூன்றை மட்டும் கழிக்க மனசு வரவில்லை. நேற்றும் அதில் மழை என்று காட்டியது. நீ எங்கே ஒண்டிக்கொண்டு நிற்கிறாயோ என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பி இங்கே வந்துவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணா


மார்ச் 9

அண்ணாவுக்கு,

முதலில் அண்ணியிடம் மன்னிப்புக் கேள். என் கடிதங்களை அவர்கள் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து வீட்டுக்கு எடுத்துவருவது எனக்குத் தெரியும். இருவரில் ஒருவர் என்று நான் எழுதினால், நீ உடனே அவர்களைத் தள்ளிவிட்டு நீ தள்ளி நின்றுகொள்வாயா?

'வந்துவிடு, பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். என் கல்யாணத்தன்றும் இதையேதான் சொன்னாய். உன் வீடு அவனுக்குத் தெரிந்த முதல் முகவரி, அங்கே வந்து நான் என்ன செய்வது?

முந்தாநாள் அவன் பேசிவிட்டான். முதலாளியம்மா கூடவே வந்துகொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கினோம். பக்கத்திலேயே வந்து குடையை என் தலைக்கு நீட்டினான். இத்தனை நாளும் கூடவே இருந்தவன் மாதிரி, சாதாரணமாக, அன்பாக. அவன் சொன்னது இது:

"காலைலேயே மழைன்னு காட்டுச்சு. நீ குடை எடுத்துட்டு வந்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

முதலாளியம்மா குடையைத் தட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தால் குனிந்து குடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். போலீசுக்குப் போனோம். பெண்ணுக்குக் குடை கொடுத்தார் என்று எப்படிம்மா எழுதுவது என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி அந்தக் குரல் காதிலேயே இருந்தது. கல்யாணமான புதிதில் என் லேப்டாப்பை அவனுடையதைப் போலவே மாற்றிக் கொடுத்தான், நினைவிருக்கிறதா? நீகூடப் பார்த்துவிட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று புகழ்ந்தாய். எந்த விசையை அழுத்தினால் எது திறக்கும் என்பதெல்லாம் அவன் வைத்ததுதான். காலையில் அவன் தன்னுடையதில் ஒன்றை மாற்றினால் மாலையில் என்னுடையதிலும் மாறியிருக்கும். உனக்கு ஒரு மெயில் எழுத எதை அழுத்துவது என்று தெரியாமல் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் உண்டு. அவனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவனும் அன்பாகத்தான் சொல்லிக்கொடுத்தான்.

முதல் நாள் வெளியூரிலிருந்து வந்தவன் அந்த வெயிலில் குடையோடு நின்றானே, என் ஊர் மழை அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் தேடிப் பார்த்ததாகச் சொல்லவில்லை. காட்டியது என்றான்.

சின்னு


மார்ச் 12

சின்னு,

நான்தான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன் கடிதம் வந்ததும் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கத் தெரியாமல் உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். 'காட்டுச்சு' என்ற இடம் வந்ததும் அவள் என் தோளுக்குமேல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு இத்தனை நாள் கழித்து முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"உங்க திரையிலகூட மேல மழைன்னு காட்டுதே. அது எந்த ஊரு?"

திரும்பிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

உனக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் எனக்கே நம்ப முடிகிறது. எழுத்து எந்த அளவு, எந்த விசைக்கு எது திறக்கும், பட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதையெல்லாம் லினக்ஸில் சின்னச் சின்னக் கோப்புகளில் எழுதி வைப்போம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் கோப்பு கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். அந்தப் புள்ளிக் கோப்புகளையெல்லாம் நான் ஒரே இடத்தில் சேர்த்து, இணையத்தில் பொதுக் களஞ்சியமாக வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் புதிதில் பத்து நிமிடத்தில் என் திரை அப்படியே வந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாலு பேர் பார்த்து ஆஹா என்பார்கள். இரண்டாவதுதான் பெரிய காரணம், மறைப்பானேன்.

பட்டைக்கான கோப்பைத் திறந்தேன். வானிலை எடுக்கும் வரியில் உன் ஊர்ப் பெயர் முழுசாக இருக்கிறது. அது மட்டுமா, அதற்கு மேலே நானே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: 'சின்னு ஊர்'. ஒவ்வொரு வரிக்கும் மேலே விளக்கம் எழுதி வை, பின்னால் பார்க்கிறவனுக்கு உதவும் என்று எனக்குப் பழக்கிவிட்டவன் அவன்தான். அவனுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது.

அவனுடைய களஞ்சியத்தையும் பார்த்தேன். அதுவும் எல்லாருக்கும் திறந்ததுதான். அவன் பட்டையிலும் இப்போது உன் ஊர் வானிலை ஓடுகிறது. என் வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான், நான் எழுதிய குறிப்போடு. உன் தொழில் அவனுக்குத் தெரியும். பல் செட் செய்யும் கூடம் ஒரு ஊரில் எத்தனை இருந்துவிடும், ஒவ்வொன்றாக வாசலில் நின்று பார்த்திருப்பான்.

உன் முகவரியை எழுதிவைக்காதே என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். முகவரியை எழுதவும் இல்லை. நீ போனபிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. காலையில் எழுந்ததும் உன் ஊரில் வெயிலா மழையா என்று பார்த்தால் ஒரு நிம்மதி, அதற்காகத்தான் அந்த வரி. அந்த வரிதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது என்பதை என் மனசு இன்னும் ஏற்க மறுக்கிறது.

உடனே அழித்துவிடக் கை போனது. ஆனால் அழித்தாலும் பிரயோஜனமில்லை. எந்தத் தேதியில் எந்த வரி இருந்தது, எப்போது போனது என்ற வரலாறு களஞ்சியத்தில் தங்கிவிடும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி பக்கத்தில் இருக்கிறாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை, சாப்பிடச் சொல்கிறாள்.

அண்ணா


மார்ச் 15

அண்ணாவுக்கு,

கூரியர்காரர் கொடுத்ததும் படித்தேன். படித்துவிட்டு அச்சுக்குக் கலக்கி வைத்திருந்த பிளாஸ்டர் கல்லாகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அவன் திரையில் தினமும் காலையில் என் தலைக்குமேல் இருக்கும் வானம் தெரிந்திருக்கிறது.

உன்னைத் திட்ட இப்போது நேரமில்லை. பிறகு திட்டுவேன்.

அழிக்காதே. அழித்தால் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மாற்று.

அவனோடு குடித்தனம் பண்ணியவள் சொல்கிறேன், கேள். நான் வாயால் சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. கடைக்குப் போனேன் என்றால் தலையசைப்பான், அப்புறம் என் லேப்டாப்பைத் திறந்து அன்று நான் என்னென்ன தட்டினேன் என்ற பதிவைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். மனிதர்கள் ஏமாற்றுவார்கள், கோப்பு ஏமாற்றாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. நீ நேரில் போய் என் தங்கை வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று கற்பூரம் அடித்துச் சொன்னாலும் சிரிப்பான். அந்தப் பட்டைக் கோப்பில் ஒரு ஊர்ப் பெயர் மாறினால் அன்றைக்கே பெட்டி கட்டுவான்.

இந்தத் தாளின் பின்பக்கம் ஒரு ஊர் எழுதியிருக்கிறேன். நாட்டின் அந்தக் கோடி. எனக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இனி இருக்கவும் போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வழக்கமாகக் கோப்புகளைத் திருத்தும் நேரத்தில் அதைத் தட்டு. தனியாகத் தட்டாதே, கூடவே எழுத்து அளவு, நிறம் என்று எதையாவது மாற்று, உன் வழக்கம்போல. மேலே குறிப்பும் போடு: 'சின்னு, புது இடம்'. உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். நல்லவேளை கோப்புக்குக் காது இல்லை.

நான் அன்று இங்கே இருக்கமாட்டேன். முதலாளியம்மாவுக்குத் தெரிந்த ஒரு கூடத்தில் ஆள் தேவையாம். எங்கே என்று உன்னிடம் சொல்லப்போவதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லமாட்டேன்.

சின்னு


ஏப்ரல் 10

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் பழைய முதலாளியம்மா பெயருக்கு அனுப்புகிறேன். உன் கைக்கு வந்துசேரும் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். ஞாயிறு காலை அண்ணி பக்கத்தில் நின்றாள். எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக்கினேன், ஓரத்து இடைவெளியைக் குறைத்தேன், பிறகு அந்த ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரைத் தட்டும்போது விரல் தடுமாறியது. அந்தக் கோப்பில் நான் எழுதிய முதல் பொய் அது. சாயங்காலத்துக்குள் அவன் பட்டையிலும் அதே ஊர் வந்துவிட்டது. பார்த்துவிட்டு நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு சீக்கிரம் எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. தினமும் என் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அப்புறம் பதினைந்து நாள் போல ஒன்றும் நடக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கதவு தட்டும் சத்தம். திறந்தால் அவன். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, தோளில் பயணப் பை, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து நேரே வந்திருக்கிறான். செருப்போடு உள்ளே வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். உன்னைப் பற்றிக் கேட்பான், கத்துவான் என்று நினைத்தேன். உன் பெயரையே எடுக்கவில்லை, சின்னு. என் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"மனுஷன் பொய் சொல்வான், தெரிஞ்ச விஷயம். கோப்புல பொய் எழுதுவியாடா நீ?"

உன்னைப் பூட்டி வைத்தபோது கலங்காத கண் அது. ஒரு வரி தவறாக இருந்ததற்கு என்னிடம் நியாயம் கேட்கிறது. இந்த மனிதனையா நான் தோழன் என்று தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தேன்? இவனையா உனக்குக் கட்டி வைத்தேன்?

அண்ணி போலீசோடு போனில் பேசிக்கொண்டே அறைக்குள் வந்தாள். அவன் போய்விட்டான். அன்றே ஸ்டேஷனுக்குப் போனோம். இந்த முறை எழுதிக்கொண்டார்கள். என் வரி, அவன் எடுத்து ஒட்டிய வரி, நீ இருந்த ஊர், நீ இல்லாத ஊர், எல்லாம் தேதியோடு அவன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பெண் அதிகாரி ஒருவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். உன் பக்கம் இனி வரக்கூடாது என்று உத்தரவு வாங்கலாமாம். அவனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் களஞ்சியத்தையும் மூடிவிட்டேன். இனி ஆஹா சொல்ல ஆளில்லை.

அந்தப் பொய் ஊரின் வானிலை என் பட்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எப்போதும் வெயில். எனக்கு யாருமே இல்லாத ஊரின் வெயிலைத் தினமும் பார்ப்பானேன் என்று நேற்று பட்டையையே எடுத்துவிட்டேன். இப்போது திரை சுத்தமாக வெறும் கறுப்பு. இத்தனை வருஷம் இதற்குத்தான் ஆசைப்பட்டீர்கள் என்று அண்ணி கேலி செய்கிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கோபம் போய்விட்டதா? எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது.

அண்ணா


ஏப்ரல் 24

அண்ணாவுக்கு,

உன் கடிதம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. அவன் உன்னிடம் கேட்டதைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், அப்புறம் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அந்த உத்தரவுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அண்ணி அனுப்பிவிட்டார்கள். போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆமாம், நான் இருக்கும் இடம் அண்ணிக்குத் தெரியும். அந்த முகவரி உன் வீட்டுக்குள்ளேயே, உனக்குச் சாப்பாடு போடுகிறவர்களிடம் இருக்கிறது. கேட்காதே. நீ முகம் வாடிக் கேட்டால் அவர்கள் மனசு இளகிவிடும். உனக்குத் தெரிந்தால் சந்தோஷம் தாங்காது, எங்காவது அதை எழுதி வைத்து, மேலே விளக்கமும் போடுவாய்.

கோபம் போகவில்லை. போகும் என்று பொய் சொல்லவும் மனசில்லை. இரண்டு வருஷமாக நான் ஒவ்வொரு தெருவாகப் பார்த்துப் பார்த்து நடந்ததை நீ ஒரு வரியில் கலைத்தாய். ஆனால் ஒன்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் போனபிறகு வீட்டில் என்னை நினைத்துக்கொள்கிறார்களா என்று யோசித்திருக்கிறேன். எல்லாவற்றையும் கழித்துக் கழித்து வெறுமையாக்குகிறவன், என் ஊர் மழையை மட்டும் கழிக்க மனசில்லாமல் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோபத்தோடேயே உட்கார்ந்து அழுதேன்.

வேலை நன்றாகப் போகிறது. இங்கே மெழுகு கொஞ்சம் கடினமானது, கை பழக வேண்டும். என் அறை ஜன்னலுக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு. எதிரே நிற்க யாருக்கும் இடமில்லை.

பட்டையை மறுபடி வைத்துக்கொள். மணியும் பேட்டரியும் போதும். மூன்றாவதை இனி நான் எழுதுகிறேன், கடிதத்துக்கு ஒன்று. உன் கைக்கு வரும்போது பழசாகியிருக்கும், பரவாயில்லை.

இங்கே இன்று காலையிலிருந்து மழை. குடை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

சின்னு